யார் எதிர்பார்க்கவில்லை?

கேள்வி: கருப்பின இயக்குநர் ரயன் கூக்லரின் 'சின்னர்ஸ்' எதிர்பாராத வெற்றி பெற்றதே, இனிமேல் ஹாலிவுட்டில் நிறபேதம் குறையும் என்று நம்பலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் 'எதிர்பாராத' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். அமெரிக்கப் பத்திரிகைகள் வருடக்கணக்காக அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி, அது கடல் தாண்டி வந்து உங்கள் கேள்வியிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

யார் எதிர்பார்க்கவில்லை என்று முதலில் கேட்போம். கூக்லரின் முதல் படம் 2013-இல் வந்தது, செலவு 10 லட்சம் டாலருக்கும் குறைவு, வசூல் ஒன்றரைக் கோடிக்கு மேல். அடுத்து 2015-இல் 'க்ரீட்', 17 கோடி டாலர். 2018-இல் 'பிளாக் பேந்தர்', உலகம் முழுவதும் 130 கோடி டாலரைத் தாண்டியது. 2022-இல் அதன் இரண்டாம் பாகம், 85 கோடி. நாலு படம், நாலும் ஓடியது. தஞ்சாவூர்க்காரரான உங்களையே கேட்கிறேன்: நாலு போகம் நன்றாக விளைந்த வயலில் ஐந்தாவது போகமும் விளைந்தால், அதை எதிர்பாராத விளைச்சல் என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா?

'சின்னர்ஸ்' 2025 ஏப்ரல் 18-ஆம் தேதி வெளியானது. முதல் மூன்று நாளில் அமெரிக்கா, கனடாவில் மட்டும் 4 கோடியே 80 லட்சம் டாலர், மற்ற நாடுகளையும் சேர்த்தால் 6 கோடிக்கு மேல். ஏற்கெனவே ஓடிய படத்தின் அடுத்த பாகம் கிடையாது, காமிக்ஸ் கிடையாது, புதிதாக யோசித்து எழுதிய கதை. அந்த வசூலைப் பற்றி ஹாலிவுட் சினிமாப் பத்திரிகையான 'வெரைட்டி' போட்ட செய்தியின் சாரம் இது: இந்த மாதிரிப் படத்துக்கு இது அருமையான தொகை, ஆனாலும் செலவு 9 கோடி, விளம்பரச் செலவு தனி, ஆகவே லாபம் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. நடிகர் பென் ஸ்டில்லரே பொறுக்க முடியாமல், இவ்வளவு பெரிய ஓப்பனிங்குக்கு எந்த உலகத்தில் இப்படித் தலைப்புப் போடுவார்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

இப்போது 2019-க்குப் போவோம். வெள்ளைக்கார இயக்குநர் குவென்டின் டரான்டினோவின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் ஹாலிவுட்'. செலவு அதே 9 கோடி வாக்கில், முதல் மூன்று நாள் வசூல் 4 கோடியே 10 லட்சம். கூக்லர் படத்தைவிடக் குறைவு. ஆனால் அன்றைக்குச் செய்தி என்ன தெரியுமா? டரான்டினோவின் வாழ்நாளிலேயே பெரிய ஓப்பனிங் என்று கொண்டாட்டம்! எனக்கு டரான்டினோ மேல் ஒரு கோபமும் இல்லை. படம் போட்ட காசை எடுக்க வேண்டும் என்ற கணக்கும் தப்பில்லை. ஒருவர் படம் ஓடும்போது கைதட்டுகிறோம், இன்னொருவர் படம் ஓடும்போது பென்சிலை எடுத்துக்கொண்டு வட்டிக்கணக்குப் பார்க்க உட்காருகிறோம், அதைத்தான் நான் கேட்கிறேன். நானும் தலைப்புப் போட்டுப் பிழைக்கிறவன். 'ஆனாலும்' என்ற சொல் ஒரு செய்திக்குள் தானாக வந்து உட்காராது, ஒரு ஆள்தான் அதை அங்கே வைக்கிறார்.

இரண்டாவது வாரம் என்ன ஆயிற்று? ஹாலிவுட் படங்களின் வசூல் இரண்டாவது வார இறுதியில் பாதியாகச் சரிவது சகஜம், திகில் படம் என்றால் அதைவிட மோசமாகவே சரியும். 'சின்னர்ஸ்' சரிந்தது 5 சதவீதம் போல. கடைசியில் உலக வசூல் 36 கோடி டாலரைத் தாண்டியது. தூரத்தில் இருந்த லாபம் எவ்வளவு சீக்கிரம் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

இது ஒரு படத்தோடு முடிகிற கதையும் இல்லை. 2013-இல் 'தி பெஸ்ட் மேன் ஹாலிடே' என்று ஒரு படம், கிறிஸ்துமஸுக்கு ஒன்றுகூடும் பழைய நண்பர்களின் கதை, காதல், கோபதாபம், கொஞ்சம் அழுகை. 1 கோடியே 70 லட்சம் டாலரில் எடுத்து முதல் மூன்று நாளிலேயே 3 கோடி எடுத்தது. 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் அதைக் குறிப்பிட்டு, 'இனம் சார்ந்த படங்கள்' உயரப் பறக்கின்றன என்று தலைப்புப் போட்டது. அந்தப் படத்தில் இனப் பிரச்சினை எங்கே வருகிறது? நடித்தவர்கள் கருப்பர்கள், அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் கூடி கிறிஸ்துமஸ் கொண்டாடினால் குடும்பப் படம், கருப்பர்கள் கூடிக் கொண்டாடினால் இனப் படமா? எதிர்ப்பு கிளம்பியதும் தலைப்பை மாற்றினார்கள். மாற்றியதால் என் கோபம் குறையவில்லை, இத்தனை வருடம் கழித்தும் குறையவில்லை.

சரி, பழைய சண்டை ஒன்றுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். கல்லாப்பெட்டிக்கு நிறம் தெரியாது, லாபம் வருமென்றால் முதலாளி யார் படத்துக்கும் பணம் போடுவான் என்று இதே பகுதியில் என்னோடு மல்லுக்கட்டிய திருச்சி நண்பர் இதையும் படிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸைவிடக் கல்லா நிரப்பிய ஆள் ஹாலிவுட்டில் எத்தனை பேர்? அவர் கருப்பின விமானப்படை வீரர்களைப் பற்றி 'ரெட் டெயில்ஸ்' என்ற படம் எடுக்க ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போனார். எல்லோரும் கருப்பு நடிகர்கள், வெளிநாட்டில் விற்காது என்று கையை விரித்துவிட்டார்கள் என 2012-இல் தொலைக்காட்சியில் அவரே சொன்னார். கடைசியில் சொந்தப் பணத்தில் எடுத்தார். வெளிநாட்டில் விற்காது என்கிற அந்தப் பேச்சுக்கு என்ன ஆதாரம்? கருப்பு நடிகர்களே நிறைந்த 'பிளாக் பேந்தர்' வெளிநாடுகளில் மட்டும் 60 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனம் 2021-இல் கணக்குப் போட்டு, கருப்பர்களை ஒதுக்கி வைப்பதால் ஹாலிவுட் வருடத்துக்கு 1000 கோடி டாலருக்கு மேல் இழக்கிறது என்றது. கல்லாவுக்கு நிறம் தெரியாமல் இருக்கலாம். அதன் மேல் உட்கார்ந்திருப்பவர் மனிதர்தானே.

இந்த 'எதிர்பாராத' என்ற சொல் செய்கிற கெடுதல் இங்கேதான் இருக்கிறது. ஒரு வெற்றியை எதிர்பாராதது என்று எழுதிவிட்டால் அது எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படாது. அடுத்த கருப்பின இயக்குநர் கதவைத் தட்டும்போது பேரம் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும், அவருக்கு முன்னால் பத்துப் படம் ஓடியிருந்தாலும். தோல்விக்கு மட்டும் நல்ல ஞாபகசக்தி. ஒரு படம் விழுந்தால் அதை வருடக்கணக்காக எல்லோர் தலையிலும் சேர்த்துக் கட்டுவார்கள்.

கூக்லர் இதைப் புரிந்துகொண்டுதான் ஒப்பந்தம் போட்டார். நம் ஊர் சினிமா பாஷையில் சொன்னால் நெகடிவ் உரிமை. 25 வருடம் கழித்து படம் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவிடமிருந்து அவர் கைக்கு வந்துவிடும், அதோடு வசூலின் முதல் டாலரில் இருந்தே பங்கு, படத்தொகுப்பில் கடைசி வார்த்தையும் அவருடையது. உடனே 'வல்ச்சர்' இதழில் பெயர் சொல்லாத ஸ்டுடியோ பெரியவர்கள், இதனால் ஸ்டுடியோ அமைப்பே முடிந்துபோகலாம் என்று பயந்தார்கள். டரான்டினோ சோனியோடு போட்ட ஒப்பந்தத்திலும் உரிமை அவரிடமே திரும்பி வரும், அதனால் எந்த ஸ்டுடியோவும் இடிந்து விழவில்லையே! 'சின்னர்ஸ்' கதையைப் பாருங்கள், புரியும். 1932, மிசிசிப்பி டெல்டா, பருத்திக் காட்டில் விளைச்சலில் ஒரு பங்குக்காகப் பாடுபடும் ஜனங்கள், அவர்கள் ஆடிப்பாட ஒரு இடம் வேண்டும் என்று இரட்டைச் சகோதரர்கள் காசு கொடுத்து ஒரு பழைய ஆலையை வாங்குகிறார்கள். அவர்களுடைய இசைக்கு ஆசைப்பட்டு இரத்தக் காட்டேரிகள் வாசலில் வந்து நிற்கின்றன. சொந்தமாக ஒரு இடம் வேண்டும் என்று தவிப்பவர்களைப் பற்றி இப்படிப் படம் எடுத்தவர், அந்தப் படத்தையே இன்னொருவனுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுப்பாரா?

சொந்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால், பத்திரப்படுத்த வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்கர் மிஷோ இருக்கிறார். 1919-லேயே முழுநீளப் படம் எடுத்த கருப்பர். அவருடைய நாவலைப் படமாக்கக் கேட்டு வந்தவர்கள் இயக்கத்தை அவருக்குத் தர மறுத்ததால், சொந்தக் கம்பெனி தொடங்கி நாற்பது படங்கள் போல எடுத்தார், பிரதிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தானே விற்றார். அவற்றில் பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை. 1920-இல் அவர் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' என்ற மௌனப் படம் பல வருடம் காணாமல் போய், கடைசியில் ஸ்பெயினில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது, எழுத்து அட்டைகள் ஸ்பானிய மொழியில். அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் அவர் நாட்டுக்காரர்களே பார்த்தார்கள். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

நிறபேதம் குறையுமா என்று கேட்டீர்கள். 2050-ஐ ஒட்டி அந்த உரிமை கூக்லர் கைக்கு வரும்போது அவருக்கு 64 வயது நெருங்கியிருக்கும். அப்போது இன்னொரு கருப்பின இயக்குநரின் படம் ஓடினால் எப்படித் தலைப்புப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்ல நான் இருக்க மாட்டேன், நீங்கள் இருந்தால் பாருங்கள்.

அதுவரை ஒரு வேலை தருகிறேன். சார்லஸ் பர்னெட் என்ற மாணவர் 1970-களில் 10,000 டாலருக்கும் குறைவான பணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில், வார இறுதிகளில் 'கில்லர் ஆஃப் ஷீப்' என்ற கருப்பு வெள்ளைப் படம் எடுத்தார். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் பாட்டுகளுக்கான உரிமைப் பணம் கட்டி முறையாகத் தியேட்டருக்கு வர 2007 ஆகிவிட்டது, அந்தப் பாட்டுகளுக்கு மட்டும் 1,50,000 டாலர்! எண்பது நிமிடம்தான். கிடைத்தால் விடாதீர்கள். ஆட்டுத்தொட்டியில் வேலை பார்த்துக் களைத்துப்போன ஒரு மனிதன், வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மனைவியோடு மெதுவாக ஆடுகிறான். பாட்டு முடிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான், அவள் அங்கேயே நிற்கிறாள்.