முதலில் தண்ணீரை வளர்த்துப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கணினி விளையாட்டு ஒன்றில் பார்த்ததிலிருந்து ஆக்சலாட்டல் என்னும் சாலமாண்டர் வேண்டுமென்று கேட்கிறாள். தங்கமீன் வளர்ப்பதைப் போலத்தான், கோடையில் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் போதும் என்கிறார் விற்பவர். நீங்கள் டொராண்டோவில் இருந்தபோது அதை வளர்த்ததாக எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா?

முத்துக்குமரன், மதுரை

அன்புள்ள முத்துக்குமரன்,

இப்போது வாங்காதீர்கள். விற்பவர் சொன்ன இரண்டுமே தவறு.

அதன் ஊர் மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் கால்வாய்கள். நீர் 16 முதல் 18 டிகிரியில் இருந்தால் ஆக்சலாட்டல் நலமாக இருக்கும். 24ஐத் தாண்டினால் தீனியை மறுக்கும், நோயில் விழும். சித்திரை மாதத்தில் உங்கள் வீட்டுக் குழாய் நீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஐஸ் கட்டி கரைந்ததும் சூடு மறுபடி ஏறிவிடும்; அந்த ஏற்ற இறக்கம் அதற்கு இன்னொரு வதை. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் மதுரையில் இதை நினைக்கவே கூடாது.

என் முதல் ஆக்சலாட்டல் பதினோரு நாள்தான் இருந்தது. தொட்டி, வடிகட்டி, விலங்கு மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். நீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. ஆனால் அதன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பெருகிக்கொண்டிருந்தது. அதை நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை, விலங்கு ஓரளவு தாங்கக்கூடிய நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறப் பல வாரங்கள் வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. செவுள்கள் சுருங்கிய பிறகும் அது சிரித்த முகத்தோடே கிடந்தது. அதன் வாயமைப்பு அப்படி. சாகும்போதும் சிரிப்பதுபோலத்தான் இருக்கும். அந்த முகத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன். உங்கள் மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒன்பது ஆண்டுகள் என்னோடு இருந்தது. பதினைந்து ஆண்டுகள் வாழ்பவையும் உண்டு. மகள் கல்லூரிக்குப் போன பிறகும் நீங்கள்தான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். தொட்டியில் கூழாங்கல் வேண்டாம், விழுங்கிவிடும்.

1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டல்கள் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆய்வகங்களில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றில் ஒரு சிலவற்றின் சந்ததி. சோச்சிமில்கோவிலோ 1998இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தவை, 2014இல் 36 ஆகிவிட்டன. கால்வாயில் கொண்டுவந்து விட்ட கெண்டை, திலேப்பியா மீன்களும், நகரின் கழிவும் சேர்ந்து செய்த வேலை இது. தன் ஊரில் அழியும் ஓர் உயிரை வாங்குகிறோம் என்ற நினைவு நமக்கு இருக்க வேண்டும். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2022இல் திருத்தப்பட்ட நம் வன உயிரினச் சட்டப்படி பதிவும் செய்ய வேண்டும்.

சில்லர் வாங்க முடியுமென்றால் விலங்கு இல்லாமல் தொடங்குங்கள். குளோரின் நீக்கிய நீரில் வடிகட்டியை ஓடவிட்டு, பாக்டீரியாக்களுக்குத் தீனியாகத் துளி அம்மோனியா சேர்த்து, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மகளையே தினமும் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் எனக்கு எழுதுங்கள். மண்புழுவை எந்த அளவில் நறுக்கிக் கொடுப்பது என்பதை அப்போது சொல்கிறேன்.