வில் ஒரு பக்கம் மட்டும் வளைகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தலவாக்கலை: அண்ணா, கொய்யா மரத்தில் வில் செய்கிறேன். பிடிக்கு மேலே உள்ள பாதி, அதாவது மேல் கை, நன்றாக வளைகிறது, கீழ் கை விறைத்து நிற்கிறது. எந்தப் பக்கம் சீவுவது?

விறைத்து நிற்கிற பக்கம்தான் தம்பி. வளைகிற கையில் இனிக் கத்தி படவே கூடாது. ஆனால் சீவுவதற்கு முன் வில்லை இடம் வலம் மாற்றி வைத்து இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கள். அப்போதும் அதே கை விறைத்தால் கோளாறு வில்லில். மற்றக் கை விறைத்தால், வில்லை வைத்து இழுத்துப் பார்க்கிற தாங்குகட்டையில் பிடி சரியாக உட்காரவில்லை, வில்லைத் தொடாதீர்கள்.

சீவுவது வயிற்றுப் பக்கம் மட்டும், அதாவது எய்கிறவரைப் பார்க்கிற பக்கம். முதுகில் நார் அறுந்தால் சிம்பு அங்கிருந்துதான் கிளம்பும். கண்ணாடிச் சில்லால் கொஞ்சம் சுரண்டிவிட்டு, இருபது முப்பது தடவை பாதியளவு இழுத்து மெல்லத் தளர்த்தி, அதற்குப் பிறகு பாருங்கள், ஏனென்றால் சுரண்டியதன் பலனை மரம் உடனே காட்டாது. கடைசியில் பிடிக்குப் பக்கத்தில் நாணுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி மேல் கையில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூட இருந்தால் அது பிழையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

பண்டாரவளை: ஒரு கையின் நடுவில் மடிந்த மாதிரி வளைகிறது. அங்கே ஏதாவது ஒட்டலாமா?

ஒட்ட வேண்டாம். முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு இழுப்பும் அந்த இடத்தை இன்னும் நசுக்கும். வயிற்றில் குறுக்கே மயிரிழை போலச் சுருக்கம் தெரிகிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள். தெரிந்தால் அங்கே நார் நசுங்கிவிட்டது, அந்த வில்லை நம்பி முழுசாக இழுக்க முடியாது.

சுருக்கம் இல்லையென்றால் காப்பாற்றலாம். சாண் நீளத்தில் நேரான பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, நடுவில் துளை போட்டு பென்சிலைச் செருகுங்கள். வில்லைக் கொஞ்சம் வளைத்து வைத்து, ஆக அதிகமாக வளைகிற இடத்தில் பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரிச் சரிசெய்து, அப்படியே வயிற்றின் மேல் நகர்த்திக்கொண்டு போங்கள். கோடு விழுகிற இடமெல்லாம் விறைப்பு. அங்கேதான் சுரண்ட வேண்டும், மடிப்பில் அல்ல. வில்லின் பலம், அதாவது அதை முழுசாக இழுக்கத் தேவைப்படும் விசை, குறையும். 45 இறாத்தலுக்கு ஆசைப்பட்டது 35இல் நிற்கலாம். நிற்கட்டும், உடைகிறதை விட அது நல்லது.

மஸ்கெலியா: நாணைக் கழற்றினாலும் வில் வளைந்தே கிடக்கிறது.

ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் மரம் காயவில்லை. நம்ம பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழைக் காற்றில் லயத்துச் சுவரே வேர்க்கிறது, மரம் எப்படிக் காயும்? வில்லுக்கு ஈரம் நூற்றுக்கு எட்டு பத்துதான் இருக்க வேண்டும். இரண்டு முனைக்கும் பெயின்ட் பூசி, அடுப்புக்கு மேல் பரணில், நெருப்புச் சூடு நேராகப் படாத தூரத்தில் வையுங்கள். வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். நிறை குறைவது நின்ற பிறகுதான் வளைக்கத் தொடங்கலாம். இப்போது வளைந்துபோனது முழுசாகத் திரும்பாது, ஆனாலும் காயவைத்தால் மேலும் மோசமாகாது.

ஹப்புத்தளை: தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற சவுக்கில் (சில்வர் ஓக்) செய்யலாமா?

வேண்டாம், மரம் மெது. கொய்யா, மூங்கில், கித்துளின் வெளிப்புறக் கறுப்பு வைரம், இவற்றில் ஒன்றைப் பாருங்கள்.

ஹட்டன்: செய்யும்போது எவ்வளவு இழுத்துப் பார்க்கலாம்?

அங்குலத்தைப் பார்க்காதீர்கள், இறாத்தலைப் பாருங்கள். கொழுந்து நிறுக்கிற மாதிரித் தொங்கு தராசு ஒன்றை நாணில் மாட்டி இழுங்கள். 40 இறாத்தல் வில் வேண்டுமென்றால் முள் 40ஐத் தாண்டவே கூடாது, நாண் பத்து அங்குலம்தான் வந்திருந்தாலும் சரி. அங்கேயே நிறுத்தி, சுரண்டி, மறுபடி இழுங்கள். வளைவு கோணலாகத் தெரிந்தால் 40 வரைக்கும் போகாதீர்கள், கோணலைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த அங்குலம். அப்புறம், அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடவே விடாதீர்கள்.