வாசகர் கேள்வி: முந்தின இரவே ஊறட்டும் சோளம்

கேள்வி: அக்கா, வேலை முடிந்து வீடு சேர மாலை 6 மணி ஆகிறது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் வெள்ளைச் சோற்றைக் குறைத்து முழுதானியம் சமைக்கச் சொன்னார்கள். முழுச் சோளம் வாங்கினேன், ஒரு மணி நேரம் வேகிறது. சாம்ப் என்கிற உடைத்த மக்காச்சோளம் இன்னும் மோசம். அதற்குள் பிள்ளைகள் பிரெட்டைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். என்ன வழி?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் சாம்ப். அது முழுதானியம் இல்லை அம்மா. மக்காச்சோளத்தின் தோலையும் முளையையும் நீக்கி உடைத்ததுதான் சாம்ப். பீன்ஸோடு சேர்த்து எப்போதாவது சாப்பிடுங்கள், எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் வெள்ளைச் சோற்றுக்குப் பதில் என்று அதை நினைக்க வேண்டாம். நீங்கள் வாங்கிய முழுச் சோளம், இங்கே தென்னாப்பிரிக்காவில் மபேலா என்கிறோமே, அதுதான் சரி.

6 மணிக்கு வந்து காய்ந்த சோளத்தை அடுப்பில் ஏற்றினால் யாராலும் முடியாது. வேலை முந்தின இரவே தொடங்க வேண்டும். நான் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு கப் சோளத்தைக் களைந்து, நிறையத் தண்ணீர் விட்டு மூடி வைப்பேன். டர்பன் வெயில் காலத்தில் வெளியே வைத்தால் காலைக்குள் புளித்து நுரைத்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மாலை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூன்று கப் புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். ஆவி வந்தபின் சிறுதீயில் இருபது நிமிடம். அந்த நேரத்தில் பருப்புக் குழம்பு கொதித்துவிடும். சோளம் சோறு மாதிரி குழையாது, மென்று தின்ன வேண்டும். குழம்பைக் கொஞ்சம் தளரவே வையுங்கள்.

இதைவிட நான் நம்புவது ஞாயிற்றுக்கிழமையை. சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் வாங்கி வந்த கையோடு மூன்று கப் சோளத்தை ஊறப்போட்டு, ஞாயிறு காலை வேக வைத்து, தண்ணீரை வடித்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுவேன். ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகப் போட்டு ஃபிரீசரில் அடுக்கினால், வேலை நாளில் சட்டியில் இரண்டு கரண்டி தண்ணீரோடு ஐந்து நிமிடம் போதும். கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துப் பிரட்டிக் கொடுங்கள், பிள்ளைகள் பிரெட்டைத் தேட மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரு ஜனவரி மாதம் வெந்த பழுப்பரிசிச் சோற்றை இரவு முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிட்டேன். மறுநாள் சூடாக்கிப் போட்டேன், மாமனாருக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அரிசியிலும் தானியத்திலும் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் வெந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஊறவைக்க மறந்துபோனால்?
- ஒரு வாசகர், டோங்காட்

பதில்: அன்றைக்குச் சோளத்தை விட்டுவிடுங்கள். தோலோடு உடைத்த கோதுமை வாங்கி வைத்திருங்கள். வறுத்து, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரில் பதினைந்து நிமிடத்தில் உப்புமா ஆகிவிடும். சூஜி, அதாவது ரவை, வேறு, அதில் தவிடு இல்லை. கேரட், பீன்ஸ், பட்டாணி போட்டால் அதுவே முழுச் சாப்பாடு, தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் போதும்.