வாசகர் கேள்வி பதில்: எம்ஜேக்கு ஞாபகம் திரும்பணுமா?

கேள்வி: ஸ்பைடர்மேன் நோ வே ஹோம் பாத்துட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல நான். அடுத்த படத்துலயாவது மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன்னொரு மந்திரம் போட்டு, காதலி எம்ஜேக்கும் நண்பன் நெட்டுக்கும் மறந்துபோன பீட்டர் (அவன்தான் ஸ்பைடர்மேன்) ஞாபகத்தை திருப்பிக் குடுத்துரணும். நீங்க என்ன சொல்றீங்க?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: வேண்டாம்மா, அது மட்டும் வேண்டாம். உங்க வருத்தம் புரியுது, 2021 டிசம்பர்ல நானும் தொண்டை அடைச்சுப்போய்தான் தியேட்டர விட்டு வெளிய வந்தேன். ஆனா அந்த முடிவு ஏன் அவ்வளவு வலிச்சுது? பீட்டர் வாய்விட்டு கேட்டு வாங்குன முடிவு அது. எல்லாரும் என்னை மறந்துரட்டும், உலகம் பொழைக்கட்டும்னு அவனே சொன்னான். அதை ஒரு மந்திரத்துல திருப்பிட்டா அவன் பட்ட கஷ்டத்துக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க. காமிக்ஸ்ல 2007ல இப்படி ஒண்ணு பண்ணாங்க, பீட்டரை வளர்த்த மே அத்தை குண்டடிபட்டு சாகக்கிடக்குறப்ப மெஃபிஸ்டோங்குற சாத்தான்கிட்ட பீட்டரும் மேரி ஜேனும் தங்களோட கல்யாணத்தையே குடுத்து அவங்க உயிரை மீட்டாங்க, அந்த கல்யாணமே நடக்காத மாதிரி கதை மாறிப்போச்சு, ரசிகர்களுக்கு அந்த கோவம் இன்னும் ஆறல. அதுக்கு அடுத்து 2008ல வந்த தொடருக்கு பேரு பிராண்ட் நியூ டே. டாம் ஹாலண்ட் ஸ்பைடர்மேனா நடிக்கிற நாலாவது படத்துக்கும் அதே பேரைத்தான் வச்சு 2026 ஜூலை 31னு தேதி அறிவிச்சாங்க, அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஆசையும் பயமும் சேர்ந்தேதான் இருக்கு.

நோ வே ஹோம் கடைசில அந்த டோனட் கடை சீனை ஒருதடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. எம்ஜேகிட்ட என்ன பேசணும்னு பீட்டர் பேப்பர்ல எழுதி, மனப்பாடம் பண்ணிட்டு உள்ள போறான். எம்ஜே நெத்தில ஒரு சின்ன பிளாஸ்திரி, அதைப் பாத்ததும் எழுதிட்டு வந்தது அத்தனையும் உள்ளயே முழுங்கிட்டு காபி மட்டும் வாங்கிட்டு கிளம்பிடுறான். அப்ப அவ கழுத்துல ஒரு கருப்பு பூ டாலர் தொங்கும். அது முந்தின படமான ஃபார் ஃப்ரம் ஹோம்ல, வெனிஸ்ல அவன் அவளுக்காக வாங்குனது, லண்டன்ல உடைஞ்சுபோய் அவ கைக்கு வந்தது. உடைஞ்சும் அதை விடாம போட்டிருக்கா, ஆனா யார் குடுத்தான்னு அவளுக்குத் தெரியாது!

நான் எழுதுனா அடுத்த கதை அங்கதான் ஆரம்பிக்கும். எம்ஜே எதையும் நோண்டி நோண்டிப் பாக்குற பொண்ணு, பீட்டர்தான் ஸ்பைடர்மேன்னு ஃபார் ஃப்ரம் ஹோம்ல அவளே கண்டுபிடிச்சுட்டா. அவ ஒருநாள் கண்ணாடி முன்னாடி நின்னு இதை எனக்கு யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு யோசிக்கட்டும், பழைய போட்டோவெல்லாம் எடுத்துப் பாக்கட்டும், ஒருத்தன் நின்னிருக்க வேண்டிய இடம் மட்டும் காலியா இருக்குன்னு அவளுக்கே படட்டும். ஞாபகம் கடைசி வரைக்கும் வராமலே போனாலும் பரவால்ல, அவனை புதுசா பிடிச்சுப்போகட்டும். அது போதும்.

கேள்வி: அடுத்த வில்லன் யாரா இருக்கணும்? அவெஞ்சர்ஸ் பட வில்லன் தானோஸை விட பெரிய ஆளா வேணும்.
(வாசகர், ஈரோடு)

பதில்: பெரிய ஆளு வேண்டாம் சார், பக்கத்து தெரு ஆளு போதும். பனிஷர் வர்றார், ஹல்க் வர்றார்னு சொல்லியிருக்காங்க, சந்தோஷம், ஆனா என் ஆசை நியூயார்க் தாதா கிங்பின்தான், நிஜப் பேரு ஃபிஸ்க். டேர்டெவில் பார்ன் அகெய்ன் சீரிஸ்ல 2025ல ஃபிஸ்க் நியூயார்க் மேயராவே ஆயிட்டான், முகமூடி போட்டவங்க யாரும் தெருவுல இறங்கக்கூடாதுன்னு நிக்குறான். இந்தப் பக்கம் பீட்டர் எப்படி இருக்கான்? சின்ன ரூம், ஒண்ணாம் தேதி வாடகை குடுக்கணும், அயர்ன்மேன் ஸ்டார்க் குடுத்த சூட் இல்ல, தையல் மெஷின்ல தானே தைச்ச துணி, அட்டைப்பெட்டில ஸ்கூல் பரிட்சைக்கு படிக்கிற புக்கு. அந்த ஊரு சட்டமே தனக்கு எதிரா திரும்பும்போது பின்னாடி நிக்க ஒரு ஆள் இல்லாத பையன் என்ன பண்ணுவான், எனக்கு அதைப் பாக்கணும்.

இதுல மேட் மர்டாக்க, அதான் டேர்டெவிலா சண்டை போடுற கண் தெரியாத வக்கீல், அவரை சேத்தே ஆகணும். நோ வே ஹோம்ல பீட்டருக்காக வக்கீலா வந்தாரே, ஜன்னல் வழியா வந்த செங்கல்லை பின்னாடி கைவச்சு பிடிச்சாரே, அவருக்கும் இப்ப பீட்டர்னா யாருன்னு தெரியாது. ஆனா அவர் ஆளோட இதயத் துடிப்பையே கேக்குறவர். ராத்திரி மொட்டைமாடில ஸ்பைடர்மேன் வந்து பக்கத்துல நிக்குறப்ப, இது சின்னப்பையன், அழுதுட்டு வந்திருக்கான்னு அவருக்கு மட்டும் தெரியும். முகமூடியக் கழட்டச் சொல்லாம, சாப்டியாடான்னு ஒரு வார்த்தை கேட்டார்னா... எனக்கு அந்த சீன் எழுதும்போதே கண்ணு கலங்குது.

கேள்வி: பழைய ஸ்பைடர்மேன்கள் டோபி, ஆண்ட்ரூ திரும்ப வருவாங்களா? வரணுமா?
(வாசகி, மதுரை)

பதில்: 2002லயும் 2012லயும் வந்த அந்த ரெண்டு பேரும் எனக்கு உயிரு. நோ வே ஹோம்ல எம்ஜே கீழ விழும்போது ஆண்ட்ரூ பாஞ்சு போய் பிடிச்சாரே, தன் படத்துல காதலி க்வென்னை பிடிக்க முடியாம போன அந்தக் கைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதுக்கு மேல அவங்களுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. மறுபடி கூப்பிடக்கூடாது.

கேள்வி: இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலஸை நிஜ நடிகரை வச்சு எப்ப காட்டுவாங்க?
(பள்ளி மாணவர், சேலம்)

பதில்: தம்பி, விதை எப்பவோ போட்டாச்சு. 2017ல ஹோம்கமிங்ல கார் டிக்கி பக்கத்துல ஒருத்தரை பீட்டர் வலைல ஒட்டவச்சு விசாரிப்பானே, ஆரன் டேவிஸ், அவர் இந்த ஏரியால என் கூடப்பொறந்தவர் பையன் இருக்கான், இங்க இந்த ஆயுதமெல்லாம் வரக்கூடாதுன்னு சொல்வார் பாரு, காமிக்ஸ் படிச்சவங்களுக்கு அந்தப் பையன்தான் மைல்ஸ். ஆனா உடனே பவர் குடுத்து பறக்க விட்ரக்கூடாது. ஒரு படம் முழுக்க அவன் சாதாரணப் பையனாவே இருக்கட்டும். மே அத்தை கல்லறைல, ஒருத்தருக்கு உதவினா எல்லாருக்கும் உதவுன மாதிரின்னு எழுதியிருக்கும்ல, அந்த வார்த்தைய பீட்டர் யார்கிட்டயாவது சொல்லியாகணும், யாரும் அவனுக்கு இல்லாத நேரத்துல அடிபட்டு சந்துல கிடக்குற அவன்கிட்ட இந்தப் பையன் ஒரு தண்ணி பாட்டிலோட வந்து நிக்கணும், முகமூடிக்குப் பின்னாடி யாருன்னு கேக்காம மூடியத் திறந்து நீட்டணும்.