தாய்மாமன் சீரில் இது கிடையாது

கேள்வி: என் மகனுக்கு 18 வயது ஆக இன்னும் 40 நாள்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு பாகாயம் பக்கம் போனவன், டூவீலரில் வந்த ஒருவர் மீது மோதிவிட்டான். அவருக்கு 34 வயது, ஷூ கம்பெனியில் வேலை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். மகனுக்கும் ஸ்டியரிங் இடித்து உதட்டில் நாலு தையல். கார் என் கணவர் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸும் நடப்பில் உள்ளது. பையன் நன்றாகவே ஓட்டுவான். பத்தாவது படிக்கும்போதே பாலாற்று மணலில் அவன் அப்பாதான் பழக்கினார். இப்போது ஸ்டேஷனில் வண்டி ஓட்டியவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். என் தம்பி கால் டாக்சி ஓட்டுகிறான். அன்று ஓசூர் ட்ரிப் போய்விட்டு இரவுதான் வந்தான். "நான் ஓட்டினதா சொல்லிக்கிறேன் அக்கா" என்கிறான். அவனுக்கு லைசென்ஸ் எடுத்ததே எங்கள் காசில்தான். இப்படிச் செய்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? மகனுக்கு கவுன்சிலிங், பாஸ்போர்ட்டில் சிக்கல் வராதே?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: கேட்டிருப்பது இரண்டு கேள்வி. என் கண் அதற்கு முந்தைய வரியிலேயே நின்றுவிட்டது. "அவனுக்கு லைசென்ஸ் எடுத்ததே எங்கள் காசில்தான்." அதை ஏன் எழுதினீர்கள், சகோதரி? யாரும் கேட்கவில்லையே. டிரைவிங் ஸ்கூலுக்கு என்றோ கட்டிய சில ஆயிரத்தை இன்று வசூல் செய்கிறோம் என்று உங்கள் மனசுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் கை தானாக எழுதிவிட்டது.

பையனுக்குக் காது குத்தியபோது உங்கள் தம்பி மடியில்தான் உட்கார வைத்திருப்பீர்கள். தாய்மாமனுக்குக் கடமைகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். துணி எடுப்பார், மோதிரம் போடுவார், தட்டு வரிசை வைப்பார். கேஸை ஏற்றுக்கொள்வது எந்த ஊர் சீரிலும் கிடையாது. அக்கா வீட்டுக்குப் பட்ட நன்றிக்காக ஒருவன் தலையை நீட்டினால், "போடா பைத்தியக்காரா" என்று தட்டி அனுப்ப வேண்டியவள் அக்காதான். நீங்களோ இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள்.

இதெல்லாம் மகனுக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டத்தை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. 18 வயதுக்கு 40 நாள் குறைந்தாலும் அவன் சிறார்தான். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, இதுபோன்ற வழக்கில் குழுமம் அவனைக் குற்றம் செய்தவன் என்று கண்டாலும் அதனால் வரும் தகுதியிழப்பு அவனுக்குக் கிடையாது. பதிவுகளையும் பிறகு அழித்துவிட வேண்டும். கவுன்சிலிங் பற்றிய உங்கள் பயத்துக்குப் பதில் அந்தப் பிரிவில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அவனுக்கு விழுகிற பெரிய அடி ஒன்றுதான்: 25 வயது வரை எல்.எல்.ஆர்.கூடக் கிடைக்காது. பஸ்ஸில் போகட்டும்.

அப்படியானால் இந்தப் பொய் யாரைக் காப்பாற்றுகிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் குற்றவாளி பெற்றோரும் வண்டி உரிமையாளரும்தான். 3 ஆண்டு வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். ஆர்.சி. 12 மாதத்துக்கு ரத்து. "எங்களுக்குத் தெரியாமல் எடுத்துப்போனான்" என்றோ, "தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தோம்" என்றோ நிரூபித்தால் தப்பலாம். ஆனால் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று கோர்ட் முதலிலேயே எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். பாலாற்று மணலில் அப்பாவே பழக்கினார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வாக்கியம் போதும், அந்தக் கதவு சாத்தியாயிற்று. ஆக, தம்பி குறுக்கே நிற்கப்போவது உங்கள் கணவருக்கு. நீங்களும் பெற்றோர்தான் என்பதால் உங்களுக்கும்.

தம்பிக்குச் சிறார் என்ற குடை கிடையாது. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு 6 மாதம் வரை சிறை. 125(பி), கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கு 3 ஆண்டு வரை. தண்டனை ஆனால் லைசென்ஸை முடக்கவும் முடியும். சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் ஒரு நாள் சவாரியை விட வேண்டும். லைசென்ஸை வைத்துச் சோறு தின்கிறவரிடமிருந்து அந்த லைசென்ஸையே கேட்கிறீர்கள்.

பொய் நிற்குமா என்று பார்ப்போம். அன்று தம்பி ஓசூர் போயிருந்தார். ரூட் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வழிதான், அவர் வண்டி ஃபாஸ்டேக்கில் நிமிடக் கணக்கோடு பதிவு இருக்கும். டாக்சி ஆப்பில் ட்ரிப் இருக்கும், போன் எந்த டவரில் இருந்தது என்பதும் கிடைக்கும். அடுத்தது அந்த நாலு தையல். தையல் போட்ட ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு எழுதியிருப்பார்கள், நாம் ஏ.ஆர். காப்பி என்கிறோமே அதுதான். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டதும் பதறிப்போன பையன் "கார் ஓட்டிட்டுப் போனப்போ" என்று சொல்லியிருந்தால், நாளும் நேரமும் போட்டு அதில் ஏறியிருக்கும். ஸ்டியரிங் இடித்த உதடு பையன் முகத்தில் இருக்க, வண்டி ஓட்டியதாகச் சொல்கிற தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விசாரணை ஆள் முதலில் தேடுவது இந்த ஏ.ஆர். காப்பியைத்தான். குற்றவாளியை மறைக்கப் பொய்த் தகவல் கொடுப்பது அதே நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதே பொய்யை விபத்து இழப்பீட்டைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயத்தில் கூண்டேறிச் சொன்னால் பொய்ச் சாட்சியம், 7 ஆண்டு வரை போகும். அப்போது வீட்டில் குற்றவாளி ஒருவர் இல்லை, மூவர்.

இனி பணம். பொய்யில் லாபம் இருப்பதால்தானே இந்த யோசனையே வந்தது, அதை மறைப்பானேன். லைசென்ஸ் உள்ளவர் ஓட்டியதாக இருந்தால் கம்பெனி கட்டிவிட்டுப் போய்விடும். உண்மையைச் சொன்னால், 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியில் பெரும்பாலும் 'பே அண்டு ரெக்கவரி' உத்தரவாகும். அடிபட்டவருக்குக் கம்பெனி கட்டும், பிறகு உங்கள் கணவரிடம் வசூலிக்கும். எவ்வளவு வரும்? மாதம் 14,000 சம்பளம், வேலைத்திறன் இழப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,68,000. 40 வயதுக்குள் இருப்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 2,35,200. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு எண் உண்டு, 34 வயதுக்கு அது 16. பெருக்கி அதில் 20 சதவீதம் எடுத்தால் 7,52,640. இதற்கு மேல் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, வட்டி. கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நில வரி பாக்கி மாதிரி வசூலிக்க வழி இருக்கிறது. வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். கடன்காரரை ஏய்க்கச் செய்த மாற்றம் என்று கோர்ட்டில் அது செல்லாமல் போகும்.

அந்தப் பணம் உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டிய பணம்தான் என்பது என் கட்சி. ஒரு பக்கக் கடிதத்தில் அடிபட்டவருக்கு நீங்கள் கொடுத்தது இரண்டு வரி. ராடு வைத்த காலோடு மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் அவர் எப்போது உட்காருவார் என்று ஒரு வார்த்தை இல்லை. பொய் பாதியில் உடைந்தால் மோசடி என்று கம்பெனி தகராறு செய்யும், அவர் பணம் வருடக்கணக்கில் இழுக்கும். அவர் தரப்பு 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு போட வேண்டும், அதைத் தள்ளிப்போடச் சொல்லி யாரையும் தூது அனுப்பாதீர்கள். ஸ்டாம்ப் பேப்பரில் "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி வாங்கி 50,000 கொடுத்தால் முடிந்தது என்று உள்ளூர்ப் பெரிய மனிதர் யாராவது சொல்வார். 281 சமரசத்தில் முடிகிற பிரிவு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவுங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து எதுவும் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியிருக்க வேண்டும், அது தவறிவிட்டது. தாமதத்துக்குத் தண்டனை உண்டு, பொய்க்கு அதைவிட அதிகம். ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு உங்கள் கணவர் எழுத்தில் கொடுக்கட்டும்: ஓட்டியது யார், அவன் பிறந்த தேதி என்ன, வண்டி யாருடையது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அசலும் நகலும் வேண்டும். ஓட்டுனரும் உரிமையாளரும் விசாரணை அதிகாரிக்கு நிரப்பித் தர வேண்டிய படிவங்கள் இருக்கின்றன, 30 நாள் கெடு. ஓட்டுனர் படிவத்தில் மகன் பெயர்தான் வர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே எழுத்தில் தகவல் போகட்டும். உங்கள் கார் சேதத்துக்குப் பணம் கேட்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்கு அது கிடைக்காது, தம்பி பெயரைப் போட்டுக் கேட்டால் மோசடி. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை பம்பரைக்கூடக் கழற்ற விடாதீர்கள். தட்டி நிமிர்த்திவிட்டால் தடயத்தை அழித்ததாக அதையும் சேர்ப்பார்கள். மகனை விசாரிக்கும்போது பெற்றோர் கூட இருக்கலாம், இருங்கள். குழந்தைகள் நல போலீஸ் அதிகாரி சீருடை இல்லாமல்தான் அவனிடம் பேச வேண்டும், அதை வக்கீல் கேட்டு வாங்குவார்.

வீட்டில் கியர் இல்லாத ஸ்கூட்டர் இருந்தால் அந்தச் சாவியையும் எடுத்து வையுங்கள். 16 வயதில் லைசென்ஸ் தருவது 50 சிசி-க்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும். இன்று நம் தெருவில் ஓடுவதெல்லாம் 110, 125.

ஸ்டேஷனுக்குக் கணவரும் மகனும் நீங்களும் போங்கள். தம்பிக்கு இன்று இரவே போன் செய்து, வர வேண்டாம், டூட்டிக்குப் போ என்று சொல்லிவிடுங்கள். லைசென்ஸ் காசு பற்றி அந்தப் போனில் பேசாதீர்கள்.