பழைய கணினிக்கு ஹைபிரிட்டா, எஸ்எஸ்டியா?

செந்தூல், கல்லூரி மாணவர்: அண்ணே, லேப்டாப் திறந்து வர்றதுக்குள்ள பொறுமையே போயிடுது. 1 டிபி ஹைபிரிட் மலிவா கிடைக்குது, போடலாமா?

வேண்டாம் தம்பி. ஹைபிரிட்டும் தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். கூடவே சின்னதாக ஒரு ஃபிளாஷ் நினைவகம் இருக்கும், பெரும்பாலும் 8 ஜிபி. நீ அடிக்கடி திறப்பதை அதில் எடுத்து வைத்துக்கொண்டு, அதை மட்டும் சட்டென்று தரும். விண்டோஸ் சீக்கிரம் வரும், அது உண்மை. புதிதாக எதைத் திறந்தாலும் மறுபடி தட்டைத்தான் நம்ப வேண்டும். தட்டில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க 10 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை, முழுக்க ஃபிளாஷ் நினைவகம்தான்; அதற்கு 0.1 போதும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும்போது இந்த வித்தியாசம்தான் உன் பொறுமையைத் தின்கிறது. 2010-ல் சீகேட் மொமென்டஸ் எக்ஸ்டி வந்த காலத்தில் எஸ்எஸ்டி விலை நமக்கு எட்டாது, அப்போது ஹைபிரிட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது இல்லை. 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போடு.

செராஸ், இல்லத்தரசி: கல்யாணப் படம், திருவிழா வீடியோ எல்லாம் சேர்ந்து 700 ஜிபி இருக்கு. 500 எப்படிப் பத்தும்?

மேசைக் கணினி என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் அக்கா. எஸ்எஸ்டியில் விண்டோஸ், பழைய ஹார்ட் டிஸ்க்கில் படங்கள். ஆனால் அந்தப் படங்களுக்கு இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும். வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி அதில் போட்டு வையுங்கள். அலமாரியில் வருஷக்கணக்கில் பூட்டி வைக்க எஸ்எஸ்டி சரிப்படாது. மின்சாரமே இல்லாமல் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்து, தரவு போய்விடலாம்.

பிரிக்பீல்ட்ஸ், கணக்காளர்: என்விஎம்இ வாங்கினால் ஆறு மடங்கு வேகமாமே?

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது, ஆமாம் சார். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி மூன்றாம் தலைமுறையிலேயே 3,500 வரை போகும். கணக்கு மென்பொருளுக்கும் எக்செலுக்கும் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. ஒன்று கவனியுங்கள்: எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் செருகும் சின்ன இடம்) இருந்தாலே என்விஎம்இ ஏறும் என்று அர்த்தமில்லை. பழைய லேப்டாப் சிலவற்றில் அது சாட்டாவை மட்டுமே ஏற்கும். மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போங்கள்.

செத்தாப்பாக், வாசகர்: எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமாமே?

தேயும். சாம்சங் 870 எவோ 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 5 வருஷம் அல்லது 300 டிபி எழுதும் வரை, எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். தினம் 40 ஜிபி எழுதினாலும் அந்த 300 டிபியைத் தொட 20 வருஷம் ஆகும்.

கெப்போங், வாசகர்: ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) பார்த்தேன்.

தொடாதீர்கள். உள்ளே சின்ன சிப் ஒன்றை வைத்து 2 டிபி என்று பொய் காட்டும் சரக்கு அது. நிரம்பியதும் சத்தமில்லாமல் பழைய கோப்புகள் அழியும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். தவறு காட்டினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள்.