எழுபதைத் தாண்டிய ராக் கிட்டார் கலைஞரின் புது ஆல்பக் கச்சேரிக்குக் காசு கொடுத்துப் போகலாமா? பழைய பாட்டைக் கேட்கத்தானே எல்லோரும் போகிறார்கள்?

தாராளமாகப் போகலாம். ஆனால் புதுப் பாட்டைக் கேட்கப் போங்கள். 2024 அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டேவிட் கில்மோரைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கிட்டார்காரர் அவர். அப்போது அவருக்கு 78 வயது. ஒன்பது வருஷம் கழித்து 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' என்ற தனி ஆல்பத்தை அந்த செப்டம்பரில் வெளியிட்டிருந்தார். சுற்றுப்பயணம் என்றாலும் ஊர் ஊராக அலையவில்லை. முதலில் பிரைட்டன், பிறகு ரோமின் பழைய தேரோட்ட மைதானத்தில் ஆறு இரவு, லண்டனில் ஆறு இரவு, கடைசியாக லாஸ் ஏஞ்சலஸும் நியூயார்க்கும். ஒரே ஊரில் தங்கி வாசித்தால் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும், ஒலியமைப்பும் நாளுக்கு நாள் கூடிவரும். அந்த வயதுக்கு அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

என்னோடு வந்தது அண்ணன். எனக்குப் பள்ளிக்கூட நாளில் பிங்க் ஃபிளாய்ட் கேசட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னவர் அவர்தான். டிக்கெட் வாங்கும்போதே, "புது ஆல்பத்துலேர்ந்து ரொம்ப வாசிச்சுட்டா நான் வெளியில போய் காபி குடிச்சுட்டு வரேன்டா" என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்கு மேல் அடுக்கில் இடம். அண்ணாந்தால் கூரையிலிருந்து தொங்கும் காளான் மாதிரியான பெரிய தட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல் தெரியும். அந்த மண்டபத்தில் எதிரொலி பெரிய தொல்லையாக இருந்ததாம். அதைக் குறைக்கத்தான் 1969இல் அவற்றை மாட்டினார்கள். மேலே உட்கார்ந்தும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

முதல் பாதியில், கில்மோரின் மகள் ரோமனி, யாழ் மாதிரியான ஹார்ப்புடன் முன்னால் வந்தாள். 22 வயதுப் பெண். புது ஆல்பத்தில் அவள் பாடியிருக்கும் 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' வேறொரு குழு 1999இல் போட்ட பாட்டு. எதையும் தூக்கிப் பாடாமல், பேசுவது போலவே பாடினாள். அப்பா ஓரமாக நின்று தனக்கான இடம் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியை மேலே தள்ளி, அடுத்த சுரத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, மெதுவாக இறக்கினார். வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியை இழுத்து கமகம் பேசவைப்பார்களே, காதுக்கு அது அப்படித்தான் இருந்தது. வேகமாக வாசிக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த இழுப்பை அவ்வளவு பொறுமையாகச் செய்ய ஆயுசு முழுக்க வாசித்த கை வேண்டும்.

இடைவேளையில் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொண்ணு பாடிச்சே, அது என்ன பாட்டுடா?" காபி குடிக்கப் போகவே இல்லை.

குரலில் வயது தெரிந்தது, அதை மறைக்க மாட்டேன். உச்சிக்குப் போகும் இடங்களில் பாடகிகள் தாங்கிப் பிடித்தார்கள். கையில் வயது தெரியவில்லை. இத்தனைக்கும், பழைய ஆல்பங்களில் நாம் கேட்ட அந்தக் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் இப்போது அவரிடம் இல்லை. 2019 ஜூனில் நியூயார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கிட்டார்களை ஏலம் விட்டு, வந்த சுமார் 2.15 கோடி டாலரையும் சுற்றுச்சூழல் வழக்குகளை நடத்தும் கிளையண்ட்எர்த் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். கறுப்பு கிட்டார் மட்டுமே கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனது. அன்று வேறு கிட்டாரில் வாசித்தார். முதல் சுரத்திலேயே அது யார் கை என்று தெரிந்துவிட்டது.

புதுப் பாட்டுகள் ஏன் முக்கியம் என்கிறேன் என்றால், மனுஷன் இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவற்றில்தான் இருக்கிறது. வரிகளில் பெரும்பகுதி மனைவி பாலி சாம்சன் எழுதியவை. மூப்பும் சாவும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டில் கீபோர்டு வாசித்திருப்பவர் பிங்க் ஃபிளாய்டின் கீபோர்டுகாரர் ரிக் ரைட். அவர் 2008இலேயே போய்விட்டார். 2007இல் கில்மோரின் வீட்டுக் களஞ்சியத்தில் நண்பர்கள் சும்மா வாசித்துப் பதிவு செய்துவைத்ததை எடுத்து, அதன்மேல் கில்மோர் பாட்டைக் கட்டியிருக்கிறார். மேடையில் அதை வேறொருவர் வாசிக்கும்போது, இல்லாத ஆளின் இடத்தை விட்டுவைத்து எல்லோரும் வாசிப்பதாகவே எனக்குப் பட்டது. இந்த விஷயம் தெரியாமல் போயிருந்தால் எனக்கும் அது 'புதுப் பாட்டு, நன்றாக இருந்தது' என்பதோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றும் பிடித்தது. தயாரிப்பாளர் சார்லி ஆண்ட்ரூ அடுத்த தலைமுறை ஆள். இந்த இடத்தில் எதற்கு கிட்டார் சோலோ, எல்லாப் பாட்டும் சத்தம் தேய்ந்து தேய்ந்தே முடியவேண்டுமா என்று கில்மோரிடமே கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விகள் பிடித்துப்போய் ஏற்றுக்கொண்டதாக கில்மோரே பேட்டிகளில் சொன்னார். அந்த வயதில், அந்தப் பெயரோடு, அப்படிக் கேட்க விடுவது எனக்குப் பெரிய விஷயம்.

ஆகவே, போவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே புது ஆல்பத்தை ஓடவிடுங்கள். வேலைக்கு நடுவில் வேண்டாம், ராத்திரி ஹெட்ஃபோனில் கேளுங்கள். காதில் வைக்கும் அடைப்பான் ஒரு ஜோடி எடுத்துப்போங்கள், சத்தம் நிஜமாகவே அதிகம். பழைய பாட்டுகளும் வரத்தான் செய்யும், கூட்டத்தோடு சேர்ந்து பாடத்தான் போகிறீர்கள்.

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு ரோம் கச்சேரி 2025இல் படமாகவும் வந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், ரோமனி பாடும் பாட்டில் ஆரம்பியுங்கள். அவள் பாடி முடித்ததும் தள்ளிவிடாதீர்கள், அப்பா அதற்குப் பிறகுதான் வாசிக்கிறார்.